வெள்ளிக்கிழமைக் கதிரை

அந்த அக்காவிடம் எதையும் சும்மா சொல்லிவிடக் கூடாது. கண்டக்குழிக் கரைக்கு வந்து போகிற எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

முதல் மாதமே மாட்டிக்கொண்டேன். நான் அப்போது புத்தளத்திலிருந்து ஐஸ் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிய ஐஸைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மீனை ஏற்றிக்கொண்டு திரும்புவதுதான் வேலை. கரையடியில் லொறிகளைத் திருப்புகிற இடத்தில் அக்காவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. கடை என்றால் ஆட்கள் இருந்து சாப்பிட நாலு வாங்கும் ஓர் அடுப்பும். பின்னால் ஓர் ஓலைக் கொட்டில். பருவத்துக்குச் சிலாபம் பக்கத்திலிருந்து தொழிலுக்கு வருகிறவர்கள் அதில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஒரு நாள் அங்கே கணவாய்க் கறியோடு சோறு சாப்பிட்டுவிட்டு, "அக்கா, இந்தக் கறிக்காகவே நாளைக்கும் வருவன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். வெறும் வாயுபசாரம். அடுத்த நாள் எனக்கு வேறு ஓட்டம். அதற்கடுத்த நாள் நான் லொறியை நிறுத்துவதற்கு முன்பே ஒரு மூடிய கோப்பையோடு வந்து நின்றார்.

"நேத்து வருவன் எண்டீங்க தம்பி. எடுத்து வச்சன். சூடு காட்டிச் சூடு காட்டிக் கணவாய் றப்பராப் போச்சு. சாப்பிடுங்க."

முகத்தில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. நான் சொன்னேன், அவர் வைத்தார், அவ்வளவுதான். நான் றப்பரை மென்று விழுங்கினேன்.

பொடியன்மார் அவரை வைத்து நன்றாகச் சிரிப்பார்கள். "அக்காவுக்கு முன்னால செத்துப்போறன் எண்டு மட்டும் சொல்லிப்போடாத மச்சான், பெட்டி செய்யக் குடுத்திடுவா." ஞாயிறு பூசைக்குக் கோயில் முன்வாங்கில் இருக்கும் ஓர் அம்மா, அக்காவின் கால் வலியைப் பற்றிக் கேட்டுவிட்டு, "உங்களுக்காக மன்றாடுறன்" என்று வழமை போலச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு அக்கா அவரைத் தேடிப் பிடித்து, "எந்தக் கிழமை மன்றாடினீங்க? செவ்வாய்க்கிழமை கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்தது, அதுதான் கேட்டன்" என்றாராம். அந்த அம்மா அதற்குப் பிறகு கோயிலுக்கு மற்ற வாசலால்தான் வந்தார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கேயாவது வெளிக்கிட்டால் "போறன்" என்றுதான் சொல்லுவார். எங்கள் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சந்திக்குப் பாண் வாங்கப் போனாலும் "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். போறன் என்று மட்டும் சொன்னால் அபசகுனம். அக்காவை எத்தனையோ பேர் ஏசிப் பார்த்தார்கள்.

"வருவனோ இல்லையோ எனக்கு எப்பிடித் தெரியும்?" என்பார். "தெரியாததை ஏன் சொல்லுவான்?"

அவருடைய புருஷன் கடலில் போனவர். ஒரு விடியற்காலை எல்லோரையும் போல "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போட்டில் ஏறியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துக் கரையில் ஒதுங்கினார். இதை அக்கா எனக்குச் சொன்னது தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது. "வாறன் எண்டார். வந்தார்தான். எப்பிடி வருவீங்க எண்டு நான்தான் கேக்கேல்ல." திருவலையிலிருந்து கை நிற்கவில்லை. ஏதாவது சொன்னால் அதையும் எடுத்து வைத்துக்கொள்வார் என்ற பயத்தில் பேசாமல் இருந்தேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் பொய் சொன்னேன். கணவாய்க் கறியைவிடப் பெரிய பொய்.

அதைச் சொல்லுவதற்கு முன்னால் என்னைப் பற்றி நாலு வரி சொல்லவேண்டும். நான் மன்னார்ப் பக்கத்து ஆள். சண்டையின் கடைசி மாதங்களில் மனைவியும் மகளும் போய்விட்டார்கள். நான் போகவில்லை. முகாமிலிருந்து வெளியே விட்டபோது போவதற்கு ஓர் இடம் இல்லாமல், தெரிந்த ஒருவர் சொல்லிப் புத்தளத்துக்கு வந்தேன். முதலாளி முஸ்லிம். நல்ல மனிதர். ஐஸ் களஞ்சியத்துக்குப் பின்னால் ஓர் அறையும் தந்து, ஓட்டச் சொல்லி லொறித் திறப்பையும் தந்தார். அந்த வருஷங்களில் எனக்கு எதுவும் உறைக்காது. பசித்தால் சாப்பிட்டேன். ஞாயிறென்றால் பூசைக்குப் போனேன். அழுததில்லை. அழவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ஒரு நாள் காலையில், பாலாவி தாண்டி உப்பளத்து ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது, றோட்டுக்கரைப் பள்ளத்தில் ஓர் ஆள் கிடந்தார். எனக்கு முன்னால் போன இரண்டு வாகனங்கள் மெதுவாகி, பார்த்து, வளைந்து போய்விட்டன. அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். அடிபட்டவனைத் தூக்கினால், அடித்தது நீதானா என்றுதான் முதலில் கேட்பார்கள். என்னுடைய அடையாள அட்டையில் இருக்கிற மன்னார் விலாசத்துக்கு இரண்டு தரம் கேட்பார்கள். நானும் வளைத்திருக்கலாம். ஏன் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பிரேக்கில் கால் போய்விட்டது. இறங்கி, ஐஸ் பெட்டியைத் தூக்குகிற மாதிரியே கையைக் கொடுத்துத் தூக்கி முன்சீற்றில் போட்டேன். தலையில் காயம். மூச்சு இருந்தது. புத்தளம் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு, பொலிஸில் அரை நாள் இருந்துவிட்டு வந்தேன்.

மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஐம்பது வயதிருக்கும். சட்டைப்பையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. தமிழில் பேர் கேட்டார்கள், சிங்களத்தில் கேட்டார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த பள்ளிவாசல்துறை நானா ஒருவர் ஸலாம் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்புத்தான். கோணல் வாயால் ஒரு சிரிப்பு. எந்த ஊர், எந்தச் சாதி, எந்த வேதம், ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு ஐஸ் ஏன் பிந்தியது என்று அக்கா கேட்டதால் நடந்ததைச் சொன்னேன். அக்கா அதைப் பூசைக்கு வருகிற ஃபாதரிடம் சொல்லியிருக்கிறார். வந்த ஞாயிறு வாசகமும் அதுவாகவே அமைந்துவிட்டது. கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனும், விலகிப் போன குருவும் லேவியனும், கழுதையில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோன சமாரியனும். பிரசங்கத்தின் நடுவில் ஃபாதர் கையை நீட்டி என்னைக் காட்டினார். "சமாரியனை நாங்க வேதாகமத்தில தேடத் தேவையில்ல. நம்மட ஐஸ் லொறித் தம்பி அந்தத் தூணடியில நிக்கிறார்." எல்லோரும் திரும்பினார்கள். பூசை முடிய ஆண்கள் கை குலுக்கினார்கள். வயதான ஓர் அம்மா என் கன்னத்தைத் தொட்டு முத்தினார். யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

ஃபாதர் பூசைக்குப் பிறகு அக்காவின் கடையில்தான் தேத்தண்ணி குடிப்பார். அன்றைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். அக்கா கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஃபாதர், அந்தச் சத்திரக்காரன் என்ன செய்தான்?"

"எந்தச் சத்திரக்காரன்?"

"அடிபட்டவனை வச்சிப் பாக்கச் சொல்லிக் குடுத்தாங்களே, அவன்."

ஃபாதருக்கு அவனைப் பற்றி யோசித்த ஞாபகமே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அவன் பாத்துக்கொண்டிருப்பான் அக்கா."

"எத்தின நாள்?"

"அது வேதத்தில இல்ல."

"சமாரியன் அடுத்த நாளே வெளிக்கிட்டிட்டான். திரும்பி வரக்குள்ள மிச்சத்தைப் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனான். வந்தானா?"

"அதுவும் எழுதேல்ல."

அக்கா வாங்கைத் துடைக்கிற துணியைத் தோளில் போட்டார். "அப்ப கதை முடியேல்ல, ஃபாதர். சொன்னவன் வந்தாத்தானே முடியும்."

ஃபாதர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு கிழமை கழித்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், இனி மருந்தால் செய்ய ஒன்றும் இல்லை, ஆளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று. எந்த வீடு? தேடி ஒருவரும் வரவில்லை. முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போட்டால் மாதக்கணக்காகும். "நீங்கதானே கொண்டுவந்தீங்க" என்றாள் தாதி. பிழையாகச் சொல்லவில்லை, என்னைத் தவிர வேறு பேர் அவர்களுடைய கொப்பியில் இல்லை. கன்னத்தில் அந்த முத்தம் காயாத நாட்கள் அவை. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என்னுடைய நீலக் கோடு போட்ட சட்டை ஒன்றை அவருக்குப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக் காட்டையும் ஒரு சாரத்தையும் ஒரு பையில் வைத்து, லொறியில் ஏற்றி, நேரே அக்காவின் கடைக்குக் கொண்டுபோனேன். அன்றைக்குத் திங்கட்கிழமை.

"அக்கா, நாலு நாள் மட்டும் வச்சிருங்க. அறையை ஒழுங்குபடுத்திப்போட்டு வாற வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போறன்."

வெள்ளி என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. முதலாளி ஜும்மாவுக்குப் போகிறவர், வெள்ளிக்கிழமை லொறி ஓடாது. எனக்கு ஓய்வு நாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மனிதரின் பையை வாங்கினார். "சரி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நான் சொன்னபோது அது பொய்யாக இருக்கவில்லை. வியாழக்கிழமை ஒரு பாய்கூட வாங்கினேன். வெள்ளி காலையில் அந்தப் பாயை விரித்து அதில் இருந்து பார்த்தேன். இந்த இடத்தில் அவர் படுப்பார். இந்த இடத்தில் நான் இருந்து அவருக்குச் சோறு தீத்தவேண்டும். அங்கேயே என் கை நின்றுவிட்டது. என் மகளுக்குக் கடைசி நாட்களில், பங்கருக்குள், போத்தல் மூடியால் தண்ணீர் பருக்கினேன். ஒரு மூடி, இன்னொரு மூடி. பிறகு வாய் வாங்கவில்லை. இன்னொரு வாய்க்கு முன்னால் கையை நீட்டுவதற்கு என்னால் முடியாது. பின்னேரம் வரையும் பாயில் இருந்தேன். வெளியே முதலாளி வீட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தேன்.

சனிக்கிழமை முதலாளியிடம் போய், எனக்கு உடப்பு, சிலாபம் பக்க ஓட்டம் வேண்டும் என்றேன்.

"ஏன், கல்பிட்டிப் பக்கம் என்னயும் பிரச்சினையா?"

"ஒண்டுமில்ல முதலாளி."

"ஒங்களுக்கு எது லேசோ அத எடுங்க" என்றார். அதன் பிறகு கேட்கவில்லை.

அடுத்த வெள்ளியும் நான் ஓய்வாகத்தான் இருந்தேன். அதற்கடுத்த வெள்ளியும். வேலை இருந்தது, வர முடியவில்லை என்று சொல்வதற்குக்கூட வழியில்லாத கிழமையைத்தான் நானே தெரிந்தெடுத்திருந்தேன். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒன்றும் இருக்கவில்லை. வெள்ளி வந்தது, வெள்ளி போனது.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. மூன்றாம் வருஷம் சிலாபத்துச் சந்தையில், கண்டக்குழிக்கு ஓடுகிற வேறொரு முதலாளியின் லொறி டிரைவர் பிளேன்ரீ குடிக்கும்போது சொன்னான். கதையில் வருகிறவன் நான்தான் என்று அவனுக்குத் தெரியாது.

"அங்க ஒரு சாப்பாட்டுக்கடை அக்கா இருக்கிறா. கொஞ்சம் மூளை சுகமில்லாதவ போல. ஆரோ ஒருத்தன் ஒரு வாதக்காரனை இவவிட்ட தள்ளிவிட்டிட்டு, வெள்ளிக்கிழமை வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஓடிட்டானாம். இவ ஒவ்வொரு வெள்ளியும் அந்தாளைக் குளிக்க வாத்து, சவரம் எடுத்து, சட்டை போட்டு, பையையும் கட்டி மடியில வச்சு, றோட்டுக்கரையில கதிரை போட்டு இருத்தி வச்சிருக்கிறா. பொழுதுபட்டா உள்ள கூட்டிக்கொண்டு போறா. நாங்க ஹோன் அடிச்சா அந்தாள் சிரிக்கும்."

பிளேன்ரீயை முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அறைக்குள் இருக்க முடியாமல் போயிற்று. ஓடாத லொறியைக் கழுவினேன். கழுவின லொறியைத் திரும்பக் கழுவினேன். முதலாளி ஒரு நாள், "பெயின்ட் போகப் போகுது தம்பி" என்றார்.

கடைசியில் ஒரு வெள்ளி பஸ் ஏறினேன். கூட்டிக்கொண்டு வருகிற எண்ணம் இல்லை. பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பஸ் கிட்டப் போகும்போதே தெரிந்தது. பூவரச மரத்துக்குக் கீழே பச்சைப் பிளாஸ்ரிக் கதிரை. அதில் மனிதர். தலை படிய வாரியிருந்தது. என் நீலக் கோட்டுச் சட்டை, கழுவிக் கழுவி வெளிறி, காலர் வரைக்கும் பொத்தான் போட்டிருந்தது. மடியில் பை. பஸ்ஸைப் பார்த்து அவர் சிரித்தார்.

நான் இறங்கவில்லை. கொண்டக்டர் கேட்டும் பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த தரிப்பில்தான் கால் எழும்பியது. வெயிலுக்குள் அரைக் கட்டைத் தூரம் திரும்பி நடந்தேன். நடக்கும்போதுதான் நினைத்தேன், அந்தக் குருவும் லேவியனும் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தார்கள் என்றும் எழுதவில்லையே என்று.

அக்கா அடுப்படியில் இருந்தார். மெலிந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும், "வாங்க தம்பி. இருங்க, தேத்தண்ணி ஊத்துறன்" என்றார். நேற்று வந்துபோனவனைக் கூப்பிடுகிற மாதிரி.

"அக்கா, நான்..."

"இண்டைக்கு வெள்ளிதானே. அவர் ரெடி. பையில ரெண்டு சாரம், துவாய், றேசர், ஆஸ்பத்திரிக் காட் எல்லாம் இருக்கு. ராவையில இருமல் வரும், சுடுதண்ணி குடுக்கோணும்." கோப்பையை வைத்துவிட்டு றோட்டைப் பார்த்தார். "லொறி எங்க?"

"பஸ்ஸில வந்தன்."

"பஸ்ஸில இவரை ஏத்தேலாதே."

வாங்கில் இருந்த இரண்டு பொடியன்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். பாய் வாங்கியதையும், போத்தல் மூடியையும் சொன்னேன். அதை நான் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. "ஃபாதர் அண்டைக்குச் சொன்னதும் பொய் அக்கா. எனக்கு இரக்கமெண்டு ஒண்டும் வரேல்ல. ஐஸ் பெட்டி மாதிரித்தான் இவரைத் தூக்கினன். சமாரியனுக்கு மனம் இரங்கிச்சு எண்டுதானே வாசிச்சாங்க."

அக்கா எனக்கு முன்னால் இருந்தார்.

"ஓம். சமாரியனுக்கு அப்பிடி எழுதியிருக்கு. சத்திரக்காரனுக்கு ஒண்டும் எழுதேல்ல. நான் ஃபாதரைக் கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பிச்சுப் பாத்தன். அவன் அழுதான் எண்டும் இல்ல, விருப்பத்தோட செய்தான் எண்டும் இல்ல. விடிய எழும்பிக் கஞ்சி வச்சிருப்பான். புண்ணைக் கழுவியிருப்பான். பாயை நனைச்சா ஏசியுமிருப்பான். நான் இவரை எவ்வளவு ஏசியிருக்கிறன் எண்டு இந்தப் பொடியங்களிட்ட கேளுங்க." பொடியன்கள் தலையை ஆட்டினார்கள். "எனக்கும் இரக்கமெல்லாம் வாறதில்ல தம்பி. எங்கட மனுசன் கடலில போன பிறகு எனக்கும் ஒண்டும் வாறதில்ல. ஆண்டவர் ஏன் அந்தச் சத்திரக்காரனிட்டக் குடுத்திட்டுப் போனார்? நல்ல மனசு எண்டு பாத்தா குடுத்தார்? அவனிட்ட ஒரு பாயும் அடுப்பும் இருந்தது. அதுதான்."

சமாரியன் என்று சொல்லவேண்டிய இடத்தில் அவர் ஆண்டவர் என்று சொன்னது வாய் தவறி அல்ல. அவருக்கு அது எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அடிபட்டவனைத் தூக்கிவந்து ஒப்படைத்தவர், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், ஆண்டவர். ஆகவே நான் அந்தக் கதையில் கழுதையோடு வந்தவன் இல்லை. பள்ளத்தில் கிடந்தது இந்த மனிதர் மட்டும் இல்லை, நானும்தான் என்பதும் அந்த வாங்கில் இருந்தபோது எனக்குத் தெரிந்தது. நாலு வருஷமாக ஒவ்வொரு வெள்ளியும் அக்கா பாதை பார்த்து இருந்தது அவருக்காக மட்டும் இல்லை.

"மன்னிப்பை எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. "அதை அவரிட்டக் கேளுங்க."

போய்க் கதிரைக்கு முன்னால் குந்தினேன். கேட்டேன். மனிதர் கோணல் வாயால் சிரித்தார். நல்ல பக்கத்துக் கையால் பையை என் பக்கம் தள்ளினார்.

எழும்பி வந்து, என்ன சொல்கிறேன் என்று தெரியாமலே சொன்னேன். "அக்கா, வாற வெள்ளி லொறியோட வாறன்."

பொடியன் ஒருவனுக்குச் சிரிப்பு வெடித்துச் சோறு பறந்தது. மற்றவன் அவனை இடித்தான். எனக்கும் காது சுட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று சொன்ன அதே வசனம்.

அக்கா சிரிக்கவில்லை. என்னை ஊன்றிப் பார்க்கவுமில்லை. மனிதரின் மடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, "சரி" என்றார். முதல் தரம் சொன்ன அதே "சரி". அதில் ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். என் சொல்லை இரண்டாம் தரமும் முழுதாக நம்பி வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார். எனக்கு வலித்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒன்று வலித்தது.

அடுத்த வெள்ளி முதலாளியிடம் லொறியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். மனிதரோடு கதிரையையும் ஏற்றிவிட்டார் அக்கா. "எப்ப கொண்டுவந்து காட்டுவீங்க?" என்றார். "நத்தாருக்கு" என்றேன். நத்தாருக்கு, பாலன் பிறப்புப் பூசைக்கே கொண்டுபோனேன். பெரிய வெள்ளிக்கு என்றால் பெரிய வெள்ளிக்கு. சொன்ன நாளில் போகாமல் விட்டதில்லை. மனிதருக்குத் தீத்துகிற முதல் மூன்று நாட்களும் பாதிச் சோறு சிந்தியது. நாலாம் நாள் சிந்தவில்லை. அதைத் தவிர அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. நானும் அவரை ஏசினேன்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அக்காவைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சீனி வருத்தம் காலை எடுத்து, பிறகு சிறுநீரகத்துக்கும் போய்விட்டது. நான் மனிதரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனேன். அக்கா அவருடைய நாடியைத் தடவிப் பார்த்து, "சவரம் வடிவா எடுக்கேல்ல தம்பி, இஞ்ச ரெண்டு மயிர் நிக்குது" என்றார். காலர்ப் பொத்தானைப் போட்டுவிட்டார். அதற்கே மூச்சு வாங்கியது.

பார்வை நேரம் முடிகிற மணி அடித்தது. "போயிட்டு வாறம் அக்கா" என்றேன். வழமையாக "சரி, போங்க" என்பார். அன்றைக்கு என்னைப் பார்க்கவில்லை. மனிதரின் விழுந்துபோன கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வாறன்."

பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. வாழ்நாளெல்லாம் போறன் என்று மட்டும் சொன்ன மனுஷி.

இந்தச் செவ்வாய்க்கிழமை அக்காவின் அடக்கம். நான் அழவில்லை.

இன்றைக்கு வெள்ளி. காலையில் அவரைக் குளிக்கவார்த்து, இரண்டு மயிர் நிற்கிறதா என்று தடவிப் பார்த்துச் சவரம் எடுத்து, சட்டை போட்டு, பச்சைக் கதிரையை றோட்டைப் பார்க்க வாசலில் வைத்து இருத்திவிட்டேன். பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை போட்டிருக்கிறேன்.